ஐம்பத்திரண்டு வினாடி வெள்ளை

எங்கள் ஊர்ப் பாதிரியார் மாரித் நல்ல பெண். யாரையும் சும்மா இருக்க விடமாட்டாள், அவ்வளவுதான் குறை. ஒவ்வொரு நவம்பரிலும், இறந்தவர்களை நினைக்கும் ஞாயிறன்று, ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் திரையைக் கட்டி ‘வெளிக்கதவு’ படத்தைப் போடுவாள். பிறகு காப்பி, வாஃபிள், பழுப்புப் பாலாடைக்கட்டி. அதற்கும் பிறகு தத்துவம்.

விண்வெளி நிலையத்தில் பதினோரு வருடம் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவனின் கதை அது. கடைசிக் காட்சியில் வெளிக்கதவை யாரோ தட்டுகிறார்கள். வெளியே காற்றே கிடையாது, ஆள் இருக்க வழியில்லை. அவன் கதவைத் திறக்கிறான். திரை முழுக்க வெள்ளை. ஐம்பத்திரண்டு வினாடிக்கு அவன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். படம் முடிந்துவிடும்.

அந்த வெள்ளையை ஆராய்ந்தே முனைவர் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. கடவுளின் முகம் என்றார் ஒருவர். கடவுள் இல்லாததன் முகம் என்றார் இன்னொருவர். ஒரு புத்தபிக்கு ஆஸ்லோவரை வந்து, இதுதான் சூன்யம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அந்தப் படத்தில் உதவி எடிட்டர். நாற்பத்து மூன்று வருடமாக வாயைத் திறக்கவில்லை.

என் மனைவி ஹெர்டிஸுக்கு அந்த வெள்ளை ஆராய்ச்சி இல்லை, உயிர். எங்கள் மகன் ஐவிந்த் போதையில் விழுந்து, வீட்டில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக விற்றுத் தீர்த்த பிறகு நான் பூட்டை மாற்றினேன். ஒரு பிப்ரவரி காலையில் வந்து கதவைத் தட்டினான். வெகுநேரம் தட்டினான். நான் திறக்கவில்லை. ஒரு வாரத்தில் பெர்கனில், யாருடைய வீட்டு மாடிப்படிக்கடியிலோ செத்துக் கிடந்தான். இருபத்து நான்கு வயது. அந்த நவம்பரில்தான் மாரித் முதன்முறையாக இந்தப் படத்தைப் போட்டு, “தட்டினவனுக்குக் கதவு திறந்துச்சு. அங்க இருந்தது வெளிச்சம்,” என்றாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு ஹெர்டிஸ் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து ஒன்பது வருடமாக அவளை எழுப்பி உட்காரவைத்து நடமாட வைப்பது அந்த ஐம்பத்திரண்டு வினாடிதான். அதனால்தான் எவன் என்ன உளறினாலும் வாஃபிளைத் தின்றுகொண்டு நான் பேசாமல் இருந்தேன்.

இந்த வருடம் டோர்கைர் வந்திருந்தான். பள்ளியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவன். என்னோடு மீன் பிடிக்க வருபவன். தேவாலயத்தின் பக்கம் காப்பிக்கு மட்டும் தலைகாட்டுவான்.

“கோவிச்சுக்காதீங்க மாரித். அது வெளிச்சமில்ல, வெறும் வெள்ளை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. அதைப் பாத்துட்டும் ஓடாம நிக்கிறான் பாருங்க, அவன்தான் மனுஷன்.”

“ஒண்ணுமே இல்லன்னா தட்டினது யாரு?” மாரித் விடவில்லை.

“அவன் மண்டைக்குள்ள தட்டுது. பதினோரு வருஷம் தனியா கிடந்து பாருங்க, உங்களுக்கும் தட்டும்.”

மண்டபமே சிரித்தது. ஹெர்டிஸ் சிரிக்கவில்லை. “தட்டினது நிஜம்,” என்றாள். “என் காதால கேட்டேன்.”

எந்தத் தட்டலைச் சொல்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும். 

டோர்கைர் கெட்டவன் இல்லை, நிறுத்தத் தெரியாதவன். “ஹெர்டிஸ், அந்த வெள்ளையில நாம எதை வேணா எழுதிக்கலாம். ஆனா எழுதுறது நாமதானே? எதுக்கு வீண் பேச்சு, படத்தை ஒட்டினவனே உன் பக்கத்துல உக்காந்திருக்கான், கேளேன். என்னப்பா ஹால்வர், வாயில என்ன, வாஃபிளா?”

அவள் என் பக்கம் திரும்பினாள். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட என்னை இதைக் கேட்டதில்லை. “சொல்லு. அங்க ஒண்ணுமே இல்லையா?”

அவளைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தேன். யாரும் நம்பப் போவதில்லை, ஆனாலும் அதுதான் உண்மை.

“இல்லாம இல்ல. ஆள் இருந்தான். ஒரு பையன்.”

சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. ஒரு ஷாட் இன்னும் வந்து சேரவில்லை என்றால், அந்த நீளத்துக்கு வெற்று வெள்ளைச் சுருளை ஒட்டி வைப்போம். ஷாட் வந்ததும் வெள்ளையைப் பிரித்துவிட்டு அதைச் சேர்க்க வேண்டும். அது உதவியாளன் வேலை. கடைசி ஷாட் லேபிலிருந்து வந்தது ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை மதியம். ஈஸ்டர் வாரத்தில் இந்த நாட்டில் எவன் வேலை செய்வான்? பாலைக்கூடக் கறப்பார்களா என்பது சந்தேகம். மொத்த நாடும் பனிச்சறுக்குக் கட்டையைத் தூக்கிக்கொண்டு மலைக் குடிசைக்கு ஓடும். என் பை நிறைய ஆரஞ்சுப் பழம். பன்னிரண்டு நிமிடத்தில் ரயில். ரயிலடியில் ஹெர்டிஸ் காத்திருந்தாள், அவள் அப்பாவின் குடிசைக்கு நான் முதல்முறையாகப் போகிறேன். ஷாட் இருந்த டப்பாவை அலமாரியில் தள்ளிவிட்டு, வெள்ளையை அப்படியே விட்டு ஓடினேன்.

மலையிலிருந்து திரும்பியபோது, எடிட்டிங்கையும் தானே செய்துவந்த இயக்குநர் மருத்துவமனையில் பேச்சிழந்து கிடந்தார். தயாரிப்பாளர் அவர் மேசையில் இருந்த படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் தோளைப் பிடித்து, இதைவிட வேறு முடிவே இருக்க முடியாது, ஒரு பிரேமைத் தொடக்கூடாது என்றார். எனக்கு இருபத்து மூன்று வயது. வேலை போய்விடும் என்று பயந்தேன். இயக்குநர் மே மாதம் இறந்தார். படம் வெளியான அன்று முதல் காட்சியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுநாள் அந்த டப்பாவைக் கடலில் போட்டேன்.

“அடப்பாவி,” என்றான் டோர்கைர். மாரித் காப்பிக் குவளையைப் பிடித்தபடி நின்றாள். ஹெர்டிஸ் தட்டைக் கொண்டுபோய் மற்றத் தட்டுகளோடு அடுக்கினாள், கோட்டை மாட்டினாள், வெளியே நடந்தாள்.

படம் முடிந்ததும் கல்லறைக்குப் போய் ஐவிந்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது எங்கள் வழக்கம். வண்டியை அந்தப் பக்கம் திருப்பினேன்.

“வீட்டுக்குப் போ.”

திருப்பிய வேகத்தில் பின் சீட்டில் மெழுகுவர்த்தி உருண்டது. நான்கு மணிதான் ஆகியிருந்தது, இருட்டிவிட்டது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவள் கேட்டாள்.

“யாரு அந்தப் பையன்?”

“அந்த ஆளோட மகன். செத்துப்போன மகன்.”

“என்ன பண்றான்?”

“வாசல்ல நிக்கிறான், கம்பளித் தொப்பி போட்டுக்கிட்டு. அப்புறம் உள்ள வந்து அப்பா கையைப் பிடிச்சுக்கிறான்.” அவளுக்கு இது போதும், இது வெளிச்சத்தைவிடப் பெரிது என்று நான் நினைத்தேன். முட்டாள். “பாத்தியா ஹெர்டிஸ், அவன் வந்துட்டான். டோர்கைர் சொல்றதெல்லாம் சும்மா.”

அவள் வண்டிக் கண்ணாடி வழியாக எங்கள் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்திருக்கான்,” என்றாள். “ரெண்டு தடவையும் வந்திருக்கான். ரெண்டு தடவையும் நீதான் உள்ள விடல.”

நான் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன்.

“நானும் மாடியில நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன், ஹால்வர். நான் இறங்கி வந்திருக்கலாம். அந்த வெள்ளை இருந்தவரைக்கும் அது எனக்கு ஞாபகம் வரல. அதை ஏன் எடுத்துட்ட?”

இறங்கிப் போனாள். கதவைத் திறந்து, முன்கூடத்து விளக்கைப் போட்டு, அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். நவம்பரில் யாரும் கதவைத் திறந்து போடுவதில்லை. குளிரெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எழுந்து போய்ச் சாத்த வேண்டும் என்று தோன்றியது, என் கை எழவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்து அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.