அதே எண், வேறு சரக்கு

எல்லாருடைய வேலையையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டிப் பார்க்கும் பில்டு சர்வரின் திரை காலையிலேயே சிவந்து கிடந்தது: தேதிக் கணக்கில் பிழை. டீம் லீட் நாற்காலியைச் சுழற்றி, அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"நேத்து கடைசியா கோட் சேர்த்தது நீதானேம்மா?"

அவள்தான். ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றியிருந்தாள். அதற்குப் போய்த் தேதிக் கணக்கு ஏன் உடைய வேண்டும்? வேலை நிரந்தரமா, மூட்டை கட்டுவதா என்று முடிவாகப்போகிற வாரம் பார்த்துப் பழி மடியில் வந்து உட்கார்ந்தால், அது தானாக வந்ததென்று நம்ப அவள் என்ன பச்சைக்குழந்தையா? அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். யார் சிரித்தாலும் எதற்கென்று பார்த்தே பழகியவள்.

"என் மெஷின்ல ஓடுதே," என்றார் லீட்.

"என் மெஷின்லயும் ஓடுது சார்."

"அப்ப சர்வருக்கு மட்டும் உன்மேல கோவமா?"

நாலு பேர் சிரித்தார்கள். பக்கத்து இருக்கை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பாவம், அக்கா ஒருத்திதான் மனுஷி என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

தேதிக் கணக்கு இவர்கள் எழுதியதே அல்ல. யாரோ வெளியாள் எழுதிப் பொதுவில் வைத்த ஆயத்த கோட்; லைப்ரரி என்பார்கள். கொத்தனாரான அப்பாவுக்கு ஒருமுறை விளக்கியிருந்தாள்: "அடுத்தவன் சுட்ட செங்கலை வாங்கிக் கட்டுறோம்ப்பா." "செங்கல் சொத்தையா இருந்தா?" "கட்டினவ தலை உருளும்." அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

சர்வரை நேற்று துடைத்துப் புதிதாக நிறுவியிருந்தார்கள். எனவே லைப்ரரியை அது வெளியிலிருந்து புதிதாக இறக்கியிருக்கும். அவளும் தன் பழைய ஃபோல்டரை ஓரமாக நகர்த்திவிட்டுப் புதிதாக இறக்கினாள். அவள் திரையும் சிவந்தது. அப்பாடா, கோளாறு அவள் பொத்தானில் இல்லை, லைப்ரரியில்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே பதிப்பு எண். ஆனால் பழையதில் மட்டும் சில வரிகளை யாரோ கையால் திருத்தியிருந்தார்கள்; அந்தத் திருத்தம் இருந்தால்தான் தேதிக் கணக்கு ஓடியது. திருத்தியவர் எண்ணை மாற்றவில்லை, ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. லீட்தான், வேறு யார்? அதனால்தான் இந்தக் கத்தல். நேராக அவர் மேசைக்குப் போனாள்.

"சார், என் கோட்ல ஒண்ணுமில்ல. லைப்ரரிக்குள்ள யாரோ கைவச்சிருக்காங்க. நம்ம எல்லார்கிட்டயும் இருக்கிறது அந்தத் திருத்தின காப்பி."

அவர் முகத்தில் பதற்றத்தைத் தேடினாள். எரிச்சல்தான் இருந்தது. தன் ஃபோல்டரைத் திறந்து பார்த்தார், அதே வரிகள்.

"அடப்பாவிகளா. எனக்குப் புது லேப்டாப் வந்தப்ப யார்கிட்டயோ வாங்கிப் போட்டது இது. உனக்கு யாரு குடுத்தா?"

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் நினைவுக்கு வந்தது. சேர்ந்த முதல் நாள். 'எல்லாத்தையும் இறக்கிட்டு உக்காந்திருக்காதடி, பொழுது விடிஞ்சிடும். என் ஃபோல்டரையே எடுத்துக்க, இங்க எல்லாரும் அப்படித்தான்.' முதுகில் தட்டிக்கொண்டே சொன்ன அக்கா. இவள் தலை உருண்டபோது சிரிக்காமல் இருந்த அக்கா. பேசாமலும் இருந்த அக்கா.

"கேக்குறேன்ல? யாரு குடுத்தா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அக்கா தலையை நிமிர்த்தவில்லை; விரல்கள் மட்டும் விசைப்பலகைமேல் இருந்தன. காலியாகக் கிடந்த இவளுடைய நாற்காலிக்கு எதிரே, இவள் திரையின் மூலையில், அரட்டைப் பெட்டி திறந்திருந்தது. அக்காவின் பெயருக்குக் கீழே, ஏதோ எழுதுகிறாள் என்று காட்டும் மூன்று புள்ளிகள் துடித்தன, நின்றன, மறுபடி துடித்தன.