சுவருக்கு மட்டும் நிமிர்ந்தவர்

பல் டாக்டரம்மா ஓர் அறைக்குள் நுழைகிறார் என்றால் முதலில் அவருடைய மூக்குக்கண்ணாடி வரும். அதன் பின்னால் தாடை வரும், அப்புறம் கழுத்து. உடம்பு வந்து சேருவதற்குள் உள்ளே இருப்பவர்கள் ஒரு காப்பியைக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். இருபத்தாறு வருடமாகப் பிறத்தியார் வாய்க்குள் எட்டிப் பார்த்துப் பார்த்து, அவருடைய முதுகு குடைக் கைப்பிடிபோல வளைந்திருந்தது. மழை நாளில் யாராவது அவசரத்தில் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அவர் கணவருக்குப் பயம்.

கூனலைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கழுத்து வலியும் வீட்டில் ஓர் ஆள் மாதிரி பழகிவிட்டது. வலது கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போக ஆரம்பித்தபோதுதான் பிசியோதெரபிஸ்டைத் தேடி ஓடினார். காலையில் விரல் நுனியில் இருக்கும் மரப்பு, சாயங்காலத்துக்குள் மணிக்கட்டுவரை ஏறிவிடும். கருவியைப் பிடிக்கும்போது பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொள்வது அந்த மோதிரவிரல்தான். அது ஊன்றியிருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை என்றால், சுழலும் கருவி எந்த நிமிடமும் யாருடைய நாக்கிலாவது இறங்கலாம்.

பிசியோதெரபிஸ்ட் அவரைவிடப் பத்து வயது சின்னவர். முகத்தில் மட்டும் தலைமையாசிரியர் களை.

"கழுத்துல நரம்பு நசுங்குது மேடம். ஆறு வாரம் பயிற்சி செஞ்சு பாப்போம். கொறையலேன்னா ட்ரில்லைக் கீழ வச்சிட வேண்டியதுதான். காலேஜ்ல பாடம் நடத்தப் போங்க."

"எனக்குப் பாடம் நடத்த வராது சார். வாயத் தொறக்கச் சொல்லத்தான் தெரியும்."

"அப்போ நிமிருங்க."

நிமிர்ந்தார். காலையும் மாலையும் படுக்கையறைச் சுவரில் குதிகால், இடுப்பு, தோள்பட்டை, பின்னந்தலை நான்கும் படும்படி நிற்க வேண்டும். முதல் நாள் தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பேருந்தை நிறுத்தலாம். ஓட்டுநர் இறங்கிச் சோம்பல் முறிக்கவும் இடமிருந்தது. தாடையைப் பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ண வேண்டும். முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே ஒரு பென்சிலைப் பிடித்திருப்பதாக நினைத்து இறுக்க வேண்டும். மூன்று தலையணை ஒன்றாயிற்று. கைபேசியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் படிக்க வேண்டும் என்றதால், தெருவில் எதிரே வந்தவர்கள் படம் எடுக்கிறார் என்று நினைத்துத் தலையைக் கோதிச் சிரித்தபடி நின்றார்கள்.

கணவர் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

"தாடைய உள்ள இழும்மா."

"இழுத்துட்டுத்தான் இருக்கேன்."

"அதுவா? நீ பெருமூச்சு விடுறேன்னு நெனச்சேன்."

"அதுவும்தான் விடுறேன். வேணும்னா நீங்க வந்து நில்லுங்க."

"நான் நின்னா சுவரு தாங்காது."

நாலாவது வாரம் பின்னந்தலை சுவரைத் தொட்டது. கணவர் கைதட்டினார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விரல்களின் மரப்பு இருந்தபடியே இருந்தது. பகலெல்லாம் பதினெட்டுப் பேருடைய வாய். வீட்டுக்கு வந்தால் சுவர். சுவர் முன்னால் போய் நிற்பதற்கே இன்னொரு உடம்பு வேண்டும்போல் இருந்தது. செருப்பைக் கழற்றக் குனிந்தால் அப்படியே குனிந்தபடி தூங்கிவிடலாம் என்று தோன்றும். "கை எப்படி இருக்கு?" என்று கணவர் கேட்டால் "கொறைஞ்சுட்டு வருது" என்பார். எதிர்த்துப் பேசவோ விளக்கம் சொல்லவோ தெம்பில்லை.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை, டாக்டரம்மாவின் மருத்துவமனைக் கதவைத் திறந்துகொண்டு வீங்கிய கன்னம் ஒன்று உள்ளே வந்தது. அதன் ஓரத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒட்டிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனை உதவியாளர், பன்னிரண்டு தெருவுக்குக் கேட்கும் தொண்டை படைத்த 'சைரன்' அக்கா, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சாரு நிமிந்தேதான் இருக்காரு. பல்லு மட்டும் சாஞ்சிடுச்சு போல."

மேல் வரிசையில் கடைவாய்ப் பல். வேர்வரை சொத்தை. அவரைப் படுக்கவைத்து, ஊசி போட்டு, அந்தப் பல் மட்டும் தெரியும்படி வாயை மூடி ரப்பர் துணி மாட்டினார்கள். எல்லாரிடமும் சொல்வதை டாக்டரம்மா அவரிடமும் சொன்னார்.

"பேச முடியாது சார். வலிச்சா இடது கையத் தூக்குங்க."

பிறகு தன் வழக்கப்படி குனிந்தார். மேல்பல்லை வாய்க்கண்ணாடியில் பார்த்துச் செய்யத்தான் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும், மூச்சுக்காற்றில் ஆவி படியும், கை முன்னால் போனால் பின்னால் போவதாகக் காட்டும். பரீட்சையில் தேறியதோடு அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார். அன்றிலிருந்து நேரே பார்ப்பதுதான். அதற்காக நோயாளியின் மார்பின் மேல் கழுத்தை மடக்கித் தாழ்த்தி, கீழிருந்து மேலே எட்டிப் பார்ப்பார். கொக்கு பார்த்தால் வெட்கப்படும்.

பிசியோதெரபிஸ்டின் இடது கை உயர்ந்தது.

"வலிக்குதா? இருங்க." இன்னும் கொஞ்சம் ஊசி.

மறுபடி குனிந்தார். மறுபடி கை உயர்ந்தது.

"என்ன சார், இவ்வளவு போட்டும் வலிக்குதா?" இன்னொரு ஊசி. மனிதருக்கு மூக்கு, கண்ணிமை, காது எல்லாம் மரத்து, இன்னும் ஒரு சொட்டு போனால் பரம்பரையே மரத்துவிடும் என்ற நிலை.

மூன்றாவது தடவை கை உயர்ந்தபோது சைரன் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஊருக்கே கைகால ஒடிச்சு அனுப்புறவரு, தன் பல்லுன்னா இப்படியா நடுங்குவாரு!"

அவர் தலையை வேகமாக ஆட்டினார். காற்றில் எழுதிக் காட்டினார். அக்கா மருந்துச் சீட்டையும் பேனாவையும் கொடுத்தார். படுத்தபடியே, சீட்டு கிழிய எழுதினார்: 'வலி இல்லை. உங்கள் கழுத்து!!'

டாக்டரம்மா கருவியை வைத்துவிட்டார். பிசியோதெரபிஸ்ட் இன்னொரு சீட்டு எடுத்தார். 'தினமும் இப்படியா? எத்தனை மணி நேரம்?'

"எட்டு. சில நாள் ஒம்போது."

'சுவரில்?'

"காலைல பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். ஒரு நாள்கூட விடலை சார்."

சொல்லும்போதே டாக்டரம்மாவுக்கு விளங்கிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இதே இடத்தில் படுத்து, இந்தக் கழுத்தைக் கீழிருந்து பார்த்திருக்கிறார்கள். எல்லார் வாயையும் அவர் அடைத்து வைத்திருந்தார்.

பேசாமல் கடையை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் பாதி திறந்த பல்லோடு ஓர் ஆள் எதிரே கிடந்தார்.

"அக்கா, கண்ணாடிய எடுங்க. அதுமேல காத்து அடிச்சுட்டே இருங்க."

"எந்தக் கண்ணாடி? நாம அதை நாக்க ஒதுக்கத்தானே வச்சிருக்கோம்!"

நாற்காலியை உயர்த்தி, அவர் தலைப்பக்கம் போய் நேராக உட்கார்ந்து, கண்ணாடியில் பல்லைத் தேடினார். முதலில் அகப்பட்டது மூக்குத் துவாரம். கை வலதுக்குப் போக நினைத்து இடதுக்குப் போனது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கழுத்து தானாக இறங்கும். உடனே கீழேயிருந்து பிசியோதெரபிஸ்டின் இரண்டு விரல் டாக்டரம்மாவின் நெற்றியைத் தொட்டு மேலே தள்ளும். அரைமணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. வெளியே காத்திருந்தவர்களில் ஒருவருக்குப் பாதி தாடி வளர்ந்துவிட்டது.

முடித்து எழுந்தபோது பிசியோதெரபிஸ்ட் அவர் கையைப் பிடித்து, பஞ்சுக் குச்சியால் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். நுனி இரண்டும் மரத்தேதான் இருந்தன. மணிக்கட்டைத் தொட்டார்.

"தெரியுது," என்றார் டாக்டரம்மா. "வழக்கமா இந்நேரத்துக்குத் தெரியாது."

"அப்ப இந்த முறையக் கைவிட்றாதீங்க," என்று உதடு குழறச் சொன்னார் அவர். "ஆறு வாரக் கணக்கு இன்னையிலேருந்துதான்."

"இன்னும் ஆறு வாரமா?"

"சுவத்துக்கு இல்ல மேடம். இந்த நாற்காலிக்கு."

அவர் போனபின் டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தார். தோள் இரண்டும் கழன்று விழும்போல் வலித்தன. இது புது வலி, புது இடம். வெளியே ஆறு பேர்.

"அக்கா, இனிமே ஒரு நாளைக்கு எட்டுப் பேருதான். ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம். இருக்கிறவங்க இருக்கட்டும், அவசரம்னா வேற டாக்டரப் பாக்கட்டும்னு சொல்லிடுங்க."

சைரன் அக்கா கதவைத் திறந்து சொன்னார். பன்னிரண்டு தெருவும் கேட்டது. நான்கு பேர் எழுந்து போனார்கள். மீதி இரண்டு பேரில் ஒருவர் உள்ளே வந்து படுத்து, வாயைத் திறந்தார். மேல் வரிசைதான். டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டு, தாடையை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணாடியை எடுத்தார்.