துரைசானியின் கன்னத்துப் பொட்டு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, கை தவறியதில் கிடைத்தது. மைத்துனன் வீட்டு ஷோகேஸில் இருந்த பீங்கான் பொம்மையைத் தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று எடுத்து, அதன் சுண்டுவிரலை ஒடித்துவிட்டேன். ஒடிந்த விரலைத் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே வீட்டிலேயே பொம்மை ரிப்பேர் பார்க்கிற அம்மா ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார்கள்.

அவர் பெயர் வெங்கடேஸ்வரி. (கதைக்குப் பெயரை மாற்றிவிடுவதாக இருந்தேன். "பேர மாத்தினா, நான் செஞ்ச வேலைய வேற எவளோ செஞ்சதா ஆயிராதா? மாத்தாதீக" என்று சொல்லிவிட்டார்.) நேரில் அவர், கதைக்குள் அவள். கதையிலும் 'அவர்' என்று போட்டால் ஏதோ பாராட்டு விழா மலர் மாதிரி ஆகிவிடுகிறது.

தொடக்கம், முதல் முயற்சி: "மாலை வெயில் சாய்ந்து பொம்மையின் கண்ணாடிக் கண்களில் பட்டபோது, அதற்குள் ஓர் உயிர்"

வேண்டாம். படித்துக் காட்டினேன். "எம் மேசைக்குச் சாயங்கால வெயிலே கெடையாது. கெழக்கு ஜன்னல்" என்றார்.

இரண்டாம் முயற்சி: "அவள் ஏழைதான், ஆனாலும்"

இதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

மூன்றாவது: "பீங்கான் பொம்மையைத் துடைப்பதில் வெங்கடேஸ்வரியை அடித்துக்கொள்ள ஆளில்லை." இதற்குத் தலையை ஆட்டினார். எனவே இதிலிருந்தே தொடங்குகிறேன்.

2

பீங்கான் பொம்மையைத் துடைப்பதில் வெங்கடேஸ்வரியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அது ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

பேண்டேஜ் துணி கம்பெனியில் பதினாறு வருஷம் செக்கிங்கில் இருந்தவள். வெள்ளைத் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அதில் கடுகளவு கறை தென்பட்டாலும் கையைத் தூக்க வேண்டும். (இந்தக் கண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் அவளைக் கவிழ்க்கப்போகிறது.) புருஷன் சிவபாண்டி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பீங்கான் பொம்மை இருந்தது. அதைப் பாத்திரம் விளக்குகிற பவுடர் போட்டுத் தேய்த்து, புருவம் இரண்டையும் போக்கிவிட்டாள். அந்தப் பொம்மை இன்றைக்கும் அலமாரியின் முதல் தட்டில் புருவமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. "அது எனக்கு டீச்சர்" என்பாள்.

அதற்குப் பிறகு வைராக்கியம் பிடித்துக்கொண்டது. செல்போனில் வெளிநாட்டுக்காரர்கள் பொம்மை சுத்தம் செய்கிற வீடியோக்களைப் பார்த்தாள். பேச்சு பாதி புரியாது, கையைப் பார்த்தே கற்றாள். இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற பேட்டரித் தண்ணீரில் குழந்தை ஷாம்பு இரண்டு சொட்டு. பேண்டேஜ் துணித் துண்டு. பல் முளைக்காத பிள்ளைக்கு வாங்குகிற பிரஷ். காது மடலில் தொடங்கி, மூக்குக்கு வந்து, உதட்டை மட்டும் கடைசியில், மூச்சை அடக்கிக்கொண்டு. வேலை முடிந்ததும் பொம்மையின் தலைமுடியை ஒட்டுவதற்கு முன், உச்சி திறந்திருக்கிற தலைக்குள்ளே பென்சிலால் தேதியும் என்ன செய்தோம் என்பதும் எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.*

வருகிறவர்களிடம் ஒரே வாக்குத்தான். "இருந்தத கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

* என் மைத்துனன் வீட்டுப் பொம்மைக்குள் "சுண்டுவிரல் ஒட்டியது. ஒடித்தது: கதை எழுதுகிறவர்" என்று இருக்கிறது. அழிக்கச் சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை.

3

துரைசானி வந்தது ஒரு திங்கட்கிழமை.

கொண்டுவந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர் தங்கபாய். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரஷர் குக்கர் அட்டைப்பெட்டிக்குள் பழஞ்சேலையைச் சுற்றிப் பொம்மையைப் படுக்கவைத்திருந்தார். அவருடைய அப்பாவும் பட்டாளத்துக்காரர். ஐ.நா. படையோடு எகிப்துப் பக்கம் போய்த் திரும்பியபோது ஏழு வயது மகளுக்கு வாங்கி வந்தது. வெள்ளைக்காரப் பெண் ஜாடை என்பதால் வீட்டில் துரைசானி என்று பெயர். தலையும் கைகால்களும் பீங்கான், உடம்பு மரத்தூள் அடைத்த துணி. படுக்கவைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும்.

"எம்புட்டு நாளாகும்மா?"

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வாங்கக்கா."

"அழுக்க மட்டும் எடு. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

வெங்கடேஸ்வரி வழக்கம்போல் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். அழுக்கெல்லாம் இரண்டே நாளில் போயிற்று. ஒன்று மட்டும் போகவில்லை. இடது கன்னத்தில், முடி வந்து மறைக்கிற இடத்தில், மங்கிய பழுப்பில் ஒரு கறை. வீடியோக்காரர்கள் கணக்கில் பழுப்பாக இருந்தால் ஒன்று துரு, இல்லையென்றால் பூஞ்சை. மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவ விற்கிற பெராக்சைடைப் பஞ்சில் நனைத்துக் கறைமேல் வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, மூன்று நாள் காத்திருந்தாள். நாலாம் நாள் கன்னம் பால் மாதிரி இருந்தது.

அவள் எம்புட்டு சந்தோஷப்பட்டாள் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. சிவபாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள். வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவதற்காக முந்தைய போட்டோவையும் இப்போதைய போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த சிவபாண்டி, இடது கையால் போனை வாங்கி, அந்தக் கறையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏட்டி, இது கறையா? திருஷ்டிப் பொட்டுல்லா?"

வெங்கடேஸ்வரி போனைப் பிடுங்கினாள். உருண்டையாக இருந்தது. அதற்குள் மெல்லிய வரிவரியாகக் கோடுகள். சாந்தைத் தொட்டு ஒரு விரல் கன்னத்தில் ஒற்றியிருக்கிறது. தன் மகளின் கன்னத்தில் அவளே அதே இடத்தில் எத்தனை தடவை வைத்திருப்பாள்!

அவள் நெஞ்சு உடைந்து

(பீங்கான் கதையில் 'உடைந்து' என்று போட்டால் மலிவாக இருக்கிறது. நேராகச் சொல்கிறேன். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.)

4

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். இவ்வளவு கெட்டிக்காரிக்குத் திருஷ்டிப் பொட்டு தெரியாமலா போகும்? வாசகர் நம்புவாரா? நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"தெரியாமப் போகுமா? பிள்ளை கன்னத்துல பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பாத்தது கறை புடிக்கிற கண்ணுல. பதினாறு வருசச் சம்பளம் வாங்கின கண்ணு. அதுக்கு வெள்ளையில எது இருந்தாலும் கறைதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இத அப்படியே எழுதுங்க. என்னைய முட்டாளாக்காதீக, நல்லவளாவும் ஆக்காதீக" என்றார்.

எழுதிவிட்டேன்.

தங்கபாய் வருவதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. இங்கே கதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு வழி: பொட்டைத் திரும்ப வரைந்துவிடுவது. போட்டோ கையில் இருக்கிறது. யாருக்கும் தெரியப்போவதில்லை. வெங்கடேஸ்வரி அந்த வழியில் கொஞ்ச தூரம் போகவும் செய்தாள். ஒரு டீ சாஸரைக் கவிழ்த்து வைத்து, வர்ணம் குழைத்து, ஒற்றை மயிர் பிரஷ்ஷால் அந்த விரல் கோடுகளை வரைந்து பழகினாள். முதல் பொட்டு பூச்சி மாதிரி வந்தது. ஐந்தாவது பரவாயில்லை. பதினோராவது பொட்டையும் போட்டோவையும் பக்கத்தில் வைத்தால் அவளுக்கே எது எதுவென்று தெரியவில்லை.

அந்தப் பதினோராவது பொட்டைப் பார்த்து அவளுக்குப் பெருமை பொங்கியது. அப்படிப் பொங்கியதே என்றுதான் அடுத்த நிமிஷம் பயம் வந்தது. தன்னால் இதைச் செய்ய முடியும், எவராலும் கண்டுபிடிக்க முடியாது, தங்கபாய் ஆயுசு முழுக்க முதலில் வைத்தவர் விரல் என்று நினைத்து ஒரு சாயத்தைத் தொட்டுக்கொண்டிருப்பார்.

பிரஷ்ஷைக் கழுவி வைத்தாள். பென்சிலை எடுத்தாள்.

5

வெள்ளிக்கிழமை காலையிலேயே, தங்கபாய் கிளம்பிவிடுவதற்கு முன்னால், வெங்கடேஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டாள். மடியில் குக்கர் பெட்டி. மஞ்சப்பையில் சாஸர். வாடிக்கையாளர் வீட்டுக்கு அவள் பொம்மையைக் கொண்டுபோனது அதுதான் முதல் தடவை. (ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா பற்றி ஒரு வரி எதிர்பார்ப்பீர்கள். அவள் அன்றைக்கு இருந்த இருப்பில் அது கண்ணில் படவில்லை.)

பொம்மையை வெளியே எடுத்ததும் தங்கபாயின் கை நேராக இடது கன்னத்துக்குத்தான் போனது.

"இங்க இருந்த பொட்டு எங்க?"

"அழிச்சிட்டேன்க்கா. கறைன்னு நெனச்சிட்டேன்."

தங்கபாய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு பேசியபோது குரலில் கோபம் இல்லை, அதுதான் வெங்கடேஸ்வரிக்குத் தாங்கவில்லை.

"அப்பா இத கொண்டாந்த அன்னைக்குத் தெருவே வந்து பாத்துச்சு. கண்ணு பட்டுருமுன்னு எங்கம்மா சாந்தெடுத்து வச்சா. எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. கைநாட்டு. ஊரெல்லாத்துக்கும் நான் லெட்டர் பட்டுவாடா பண்ணுனேன். அவ கையால எழுதுனதுன்னு எங்க வீட்ல ஒரு வரி கெடையாது. இது ஒண்ணுதான் இருந்துச்சு."

வெங்கடேஸ்வரி சாஸரை எடுத்து முன்னால் வைத்தாள்.

"கடைசியா இருக்கதப் பாருங்க. அச்சு அசல் அதேதான். உங்களால வித்தியாசம் கண்டுபுடிக்க முடியாது. அதனாலதான் இவ கன்னத்துல வரையல."

தங்கபாய் பதினோரு பொட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் துரைசானியின் தலையைப் பார்த்தார். முடி இன்னும் ஒட்டவில்லை, நூலால் கட்டித்தான் இருந்தது. "தலைக்குள்ள எழுதுவியாமே. என்ன எழுதிருக்க?" என்று முடியைத் தூக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"அழுக்கு எடுத்தது. கன்னத்துப் பொட்டை அழித்தது. இரண்டும் செய்தது வெங்கடேஸ்வரி, ராஜபாளையம்."

அவர் உதடு கோணியது. அழப்போகிறார் என்று வெங்கடேஸ்வரி நினைத்தாள். ஆனால் அது சிரிப்பு.

"தப்புக்குக்கூட ஊர்ப்பேரோட கையெழுத்துப் போட்டிருக்கியே!"

"என் வேலைதானக்கா அதுவும்."

தங்கபாய் எழுந்து உள்ளே போனார். தெருவில் பிள்ளை பிறந்தால் ஜவ்வரிசி கருக்கிச் சாந்து காய்ச்சிக் கொடுப்பது இன்றைக்கும் அவர்தான். சாந்து உறைந்த கொட்டாங்கச்சியைக் கொண்டுவந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்.

"பொட்டு வைக்கதுக்குன்னு மொறை ஒண்ணு இருக்கு. பிள்ளைக்கு ஏதும் வந்துருமோன்னு யாரு பயப்படுதாகளோ அவுகதான் வைக்கணும்" என்றார்.

துரைசானி கண்ணைத் திறந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள்.

6

[இந்தப் பகுதியை அழித்துவிட்டேன்.]

7

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். தங்கபாய் வைப்பதாக ஒன்று: அம்மா இடத்தில் மகள், படிக்கிறவர் கண் கலங்கும். வெங்கடேஸ்வரி வைப்பதாக ஒன்று: தப்புச் செய்தவள் விரலே அதைச் சரி செய்கிறது, பத்திரிகையில் உடனே போடுவார்கள். இரண்டு பேரும் சேர்ந்து வைப்பதாக மூன்றாவது. அதை எழுதிய அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றும் சாஸர் பொட்டுகள். நன்றாகவே வந்திருந்தன. அதனால்தான் அழித்தேன்.

நடந்தது எனக்குத் தெரியாது. போன மாதம் தங்கபாய் வீட்டுக்குப் போய்த் துரைசானியைப் பார்த்தேன். இடது கன்னத்தில், பழைய இடத்திலேயே, கன்னங்கரேலென்று ஒரு பொட்டு இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் விரல் கோடுகள் தெரிகின்றன. யார் விரல் என்று கேட்டேன். "வெங்கடேஸ்வரிட்டயே கேளுங்க" என்றார். அங்கிருந்து ராஜபாளையம் போய்க் கேட்டேன். "அவுகட்டயே கேளுங்க" என்றார் அவர், புருவமில்லாத பொம்மையைத் துடைத்தபடி. இரண்டு முகத்திலும் ஒரே பெருமை. இரண்டு பேரில் யார் நிஜமாகப் பெருமைப்படுகிறார், யார் மற்றவருக்காகப் பெருமைப்படுகிறார் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

கிளம்பும்போது வெங்கடேஸ்வரி கேட்டார்: "ஆறாவதுல என்ன எழுதிருக்கீக?"

"அழிச்சிட்டேன்."

"அழிச்சா அழிச்சேன்னு எழுதி, ஊரையும் போடணும்."

எழுதுகிறேன். ஆறாம் பகுதியை அழித்தது நான், ஸ்ரீவில்லிபுத்தூர். அந்தப் பகுதியில் சாந்து இன்னும் காயவில்லை. துரைசானிக்காகக் கொஞ்சமாவது பயந்தவர் நீங்கள் என்றால், விரலை நீட்டுங்கள்.