ரெஃப்ரி எடுத்த முடிவு

"டாக்டர் சொன்னதை மறுபடி சொல்லுங்க. அதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் வாங்க" என்று வலது கைப்பக்க நாற்காலியைத் தட்டினாள் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் அசடு வழிந்தபடி இடம் மாறினார். அவளுடைய இடது காது பேருக்குத்தான் இருக்கிறது என்று தெரிந்தும், கல்யாணமான நாளிலிருந்து இடது பக்கம் உட்கார்ந்த பழக்கம் விடுமா?

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் மெல்ல வளர்கிறது. ஆபரேஷனில் அதை எடுத்துவிடலாம். முகத்தை அசைக்கும் நரம்பு அதை ஒட்டியே ஓடுவதால் அந்தப் பக்கம் வாய் கோணிப்போகவும் கூடும். கதிர்வீச்சில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் கட்டி உள்ளேயேதான் இருக்கும். வளராமல் நிற்கிறதா என்று வருஷா வருஷம் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் அப்புறம் ஆபரேஷன் இன்னும் சிக்கல். "இந்த அளவு கட்டிக்கு ரெண்டுமே சரிதான். முடிவு உங்களோடது" என்றிருந்தார்.

கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா, அதுவா?" என்று கேட்பது அவர் பிழைப்பு. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். இப்போது அவரே அப்படி விழித்துக்கொண்டிருந்தார்.

அவள் வாலிபால் ரெஃப்ரி. தோற்கிற அணி, "போய் உங்க வீட்டுக்காரர் கடையில ஒரு கண்ணாடி வாங்குங்க மேடம்" என்று கத்தும். அவள் அசைந்துகொடுத்ததே கிடையாது. அப்படிப்பட்டவள் அன்று சமையலறையில் தனியாக நின்று, இடது உதட்டை விரலால் தளர்த்திப் பிடித்துக்கொண்டு விசில் ஊதிப் பார்த்ததை அவர் கதவருகிலிருந்து பார்த்துவிட்டார். உஸ்ஸென்று வெறும் காற்றுதான் வந்தது. திரும்பத் திரும்ப ஊதினாள். அவர் சத்தம் காட்டாமல் நகர்ந்துவிட்டார். ஆனாலும் அந்தச் சனியன் பிடித்த கட்டி அவள் தலைக்குள் இருப்பதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. ஆபரேஷனே செய்துவிடலாம் என்றுதான் மச்சானிடமும் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். வந்தவர் நேராகப் போய்த் தங்கையின் இடது பக்கம் உட்கார்ந்தார். "வேண்டாத சாமானை யாராவது வீட்டுல வச்சுக்குவாங்களா? எடுத்து வீசிட்டு நிம்மதியா இரு" என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் பேசினார். அவள் சட்டைகளை மடித்துக்கொண்டே இருந்தாள். மறுத்துப் பேசவில்லையே, தங்கை ஒப்புக்கொண்டாள் என்று அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "அப்ப அடுத்த மாசமே தேதி வாங்கிடலாம் மாப்பிள்ளை!" என்று குரலை உயர்த்தினார்.

அது மட்டும் அவள் காதில் விழுந்தது.

எழுந்து போய் விசிலை எடுத்து வந்தாள். நடு ஹாலில் நின்று ஊதினாள் பாருங்கள், மச்சான் கையிலிருந்த காபி மடியில் கொட்டியது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"தேதியா? யாரைக் கேட்டு?" என்றாள். "ரேடியேஷன்தான்."

"அது உள்ளேயே இருக்குமேம்மா..."

"இருக்கட்டும்ணே. வருஷா வருஷம் போய்ப் பார்த்துக்கறேன். எனக்கும் பயந்தான். ஆனா இந்த வாய் எனக்கு வேணும்." பிறகு புருஷனிடம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

"ரெஃப்ரி சொன்னா சொன்னதுதான்" என்றார் அவர். சொன்ன பிறகுதான், பல நாளாகத் தன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிப்போனது தெரிந்தது. மச்சான் வேட்டியைத் துடைத்துக்கொண்டே, "ஊதற ஊதலைப் பார்த்தா இவளுக்கு ஒண்ணும் ஆகாது மாப்பிள்ளை" என்று முனகினார்.

கதிர்வீச்சு அன்று, தொடங்குவதற்கு முன்னால் டெக்னீஷியன் பெண் அவரை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அசையவிடாத முகமூடிக்குள் மனைவியின் தலை. "ரெடியா மேடம்? ஆரம்பிக்கலாமா?" என்று அந்தப் பெண் மைக்கில் கேட்டாள்.

முகமூடிக்குள்ளிருந்து பதில் வரவில்லை. கேட்டதோ இல்லையோ என்று அவர் பதறினார். அப்போது திரையில் அவள் வலது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. பக்கவாட்டில் நீண்டு, முழங்கை மடங்கி, நெஞ்சுக்கு நேராக வீசி நின்றது. சர்வீஸ் போடலாம் என்று அனுமதி கொடுக்கிற கை.