கொட்டாவிக்குக் குடும்பப் பெயர்

குழந்தைக்குத் தன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று மல்லுக்கு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு பேரும் அடுத்தவர் பெயரை வைக்க மல்லுக்கு நின்றார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

தையல்காரிக்கு லிஃப்ட் மெக்கானிக்கின் குடும்பப் பெயர்தான் வேண்டும். இரண்டே எழுத்து. அவளுடையதோ ரயில் நீளம். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும் டீச்சர் பாதியிலேயே நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார், இவள் "உள்ளேன்" என்பாள். அந்தப் பாடு மகளுக்கு வேண்டாமே என்று பார்த்தாள். மகளோ எதிலும் பட்டுக்கொள்ளாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அதே வேலைதான் என்பதால் வீட்டில் அவளுக்குக் கொட்டாவி என்றே நிலைத்துவிட்டது. நல்ல பெயர் ஒன்றும் முடிவாகியிருந்தது, அதில் தகராறு இல்லை. தகராறெல்லாம் குடும்பப் பெயரில்தான்.

"உன்னோடதே இருக்கட்டும்," என்பான் மெக்கானிக்.

"ஏன்?" என்பாள் அவள், யாருடைய பேன்ட்டுக்கோ அடி மடித்துத் தைத்துக்கொண்டே.

"நல்லா இருக்கு."

"எது, என்னோடதா? ஃபாரத்துக் கட்டத்துக்குள்ள அடங்காதுடா!"

"பெரிய கட்டமாப் போடச் சொல்வோம்."

அதற்குமேல் பிடிகொடுக்க மாட்டான். எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டதாம் என்று டூல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

விஷயம் காதுக்கு எட்டியதும் அவள் அம்மாவுக்குச் சந்தேகம் முளைத்துவிட்டது. அவனை என்னவென்று கூப்பிடுவது என்பதே அம்மாவுக்கு ஏற்கெனவே பெரிய தலைவலி. கல்யாணம் ஆகவில்லை, அதனால் மாப்பிள்ளை என்று வாய் வரவில்லை. தம்பி என்று கூப்பிட்டுப் பார்த்தாள். "அப்போ அவன் கொட்டாவிக்கு மாமா ஆயிடுவானே, பரவாயில்லையா?" என்று மகள் கேட்டதிலிருந்து "இந்தாங்க" என்பதோடு சரி. கல்யாணமே கூடாது என்று இவர்களுக்குக் கொள்கை கிள்கை எதுவும் கிடையாது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார்கள், குழந்தை முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

"பேரைக் குடுக்கவே யோசிக்கிறவரு, நாளைக்குக் கம்பி நீட்ட மாட்டாருன்னு என்ன நிச்சயம்?" என்றாள் அம்மா.

"போம்மா. டயப்பரே அவன்தான் மாத்துறான்," என்று சிரித்து மழுப்பினாள். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கல்யாணமாகாத ஜோடி என்றால் பிறப்பைப் பதியும்போது அப்பாவும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அப்பா பெயருக்கான இடம் காலியாகவே போய்விடும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள். பேருக்கே இப்படி நழுவுகிறவன் கையெழுத்துக்கு வருவானா? பயமாகத்தான் இருந்தது அவளுக்கு.

பதிவு அலுவலகம் போகும் அன்று காலை அவன் போன் அடித்தது. ஆச்சு, லிஃப்ட் நின்றுவிட்டது என்று நினைத்தாள். அவன் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையின் தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டான்.

அலுவலகத்தில் நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்து முடுக்கியிருந்தார்கள். ஒருவர் எழுந்தால் வரிசையே ஆடியது. கவுன்ட்டர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கல்யாணம்?"

"ஆகல."

"சரி. குழந்தைக்குக் குடும்பப் பேரு?"

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அவள் அவனுடையதைச் சொன்னாள், அவன் அவளுடையதைச் சொன்னான்.

"என் பேரு என் பேருன்னு இங்க குடுமிப்பிடி சண்டையே நடந்திருக்கு," என்றார் அந்த அம்மா. "நீங்க என்ன, பஸ் படியில நின்னுக்கிட்டு முதல்ல நீங்க ஏறுங்கங்கிற மாதிரி?"

"நீங்களே கேளுங்க மேடம். பெத்த பொண்ணுக்குப் பேரைக் குடுக்க இவனுக்கு என்ன கசக்குதுன்னு!" கேலியாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

மெக்கானிக் திருதிருவென்று விழித்தான். குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினான்.

"அது எங்கப்பா பேரு. அவர் எனக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதான். குடுத்துட்டுப் போயிட்டாரு. மூஞ்சிகூட ஞாபகம் இல்ல. அதைப் போய் இவ எதுக்குச் சுமக்கணும்? நான் எங்கயும் போகமாட்டேன். பேரு மட்டும் உன்னோடதா இருக்கட்டும்."

அவனை வளர்த்தது அம்மா மட்டும்தான் என்று தையல்காரிக்குத் தெரியும். இது தெரியாது. வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. இரண்டையும் விடக் கோபம்தான் முதலில் வந்தது.

"இதை வீட்டுல சொல்ல வாய் இல்லையா உனக்கு?"

"நீ எங்க விட்ட? கேலி பண்ணிக்கிட்டே இருந்த."

நியாயம்தான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இங்க பாரு. அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது. அந்தப் பேரைச் சொன்னா எனக்கு உன் மூஞ்சிதான் வருது. இவளுக்கும் அதான் வரும். அவர் போட்டுட்டுப் போனது போனதுதான், இப்ப அது உன்னோடது. மேடம், அந்த ரெண்டெழுத்தையே போடுங்க."

அவன் மெல்லத் தலையாட்டினான். கவுன்ட்டர் அம்மா தட்டச்சு செய்து முடித்து, தாளை ஓட்டை வழியாக வெளியே தள்ளினார்.

"அப்பா, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

மெக்கானிக் சட்டென்று திரும்பி, யார் வருகிறார்கள் என்று வாசல் பக்கம் பார்த்தான்.

"உன்னைத்தான்டா கூப்பிடுறாங்க," என்றாள் தையல்காரி.