அவங்கட சமயத்தில

முபாரிஸின் எண்ணை இம்மாகுலேற் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கவில்லை. மத்தியானம் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது வந்த அழைப்பை, கவுன்சில் அலுவலகத்திலிருந்து யாரோ என்று நினைத்துத்தான் எடுத்தாள்.

"மாமி, நான் முபாரிஸ் கதைக்கிறன். பெனிற்றாவை ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. நீங்களும் மாமாவும் வரவேணும். தயவுசெய்து வாங்கோ."

அவன் அவளை மாமி என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. மூன்று வருடத்துக்கு முன்னர் மகள் பெனிற்றா அவனைக் கட்டியபோது பெற்றவர்கள் இருவரும் கலியாணத்துக்குப் போகவில்லை. அதன் பிறகு மகளோடு பேச்சும் இல்லை. மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி என்பதே இந்த அழைப்பில்தான் இம்மாகுலேற்றுக்குத் தெரியவந்தது.

அவளுடைய கணவன் றொனால்ட் மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டுபவர். வழியில் ஏறியிருந்த பயணியை இறக்கிவிட்டு, ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த வீட்டுக்கு வந்து மனைவியை ஏற்றிக்கொண்டு ஹரோ பக்கமிருந்த ஆஸ்பத்திரிக்குக் காரை விட்டார். நோர்த் சேர்க்குலர் வீதி வழக்கம்போல அடைத்துக்கிடந்தது.

"பிரஷர் ஏறி ஈரலும் கிட்னியும் பழுதாகுதாம். பிள்ளையை எடுத்தாத்தான் தாய் தப்புமாம்," என்றாள் இம்மாகுலேற்.

"எடுக்கட்டுமன். ஆர் மறிச்சது?"

"அவன் விடுவானோ? அவங்கட சமயத்தில தாயும் பிள்ளையும் ஆபத்தெண்டா பிள்ளையைத்தான் காப்பாத்தச் சொல்லுவாங்களாம். பியற்றிஸ் சொன்னவள்."

பியற்றிஸ் அவர்களுடைய தேவாலயப் பங்கைச் சேர்ந்தவள். பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது இப்படி நிறையச் சொல்லுவாள். முஸ்லிம்கள் கலியாணம் கட்டி மதம் மாற்றுவார்கள், நினைத்த நேரத்தில் இன்னொருத்தியைக் கொண்டுவருவார்கள், பொம்பிளையின் உயிருக்கு அங்கே விலையில்லை. இம்மாகுலேற் அவற்றை முழுதாக நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் இப்போது, அசையாத வாகனங்களின் நடுவே, எல்லாம் உண்மையாகிக்கொண்டிருந்தன.

றொனால்டின் தங்கை ஈஸ்டர் அன்று நீர்கொழும்பில் பூசைக்குப் போய்க் முஸ்லிம் தீவிரவாதி ஒருவனின் குண்டில் செத்தவள். மூடிய பெட்டியைத்தான் அவருக்கு வீடியோவில் காட்டினார்கள். அன்றிலிருந்து தொப்பி போட்ட ஆள் யாரைக் கண்டாலும் அவர் விலகிப் போய்விடுவார். முபாரிஸின் குடும்பமும் அவரைப் போல மன்னார்தான். தொண்ணூறாம் ஆண்டில் தமிழ்ப் போராளி இயக்கம் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த துணியோடு புத்தளம் போனவர்கள். அதுவும் றொனால்டுக்குத் தெரியும். தெரிந்தும் அவரால் அந்த இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மகப்பேற்று வாட்டுக்கு வெளியே முபாரிஸ் நின்றுகொண்டிருந்தான். கண் பரிசோதிக்கும் கடையில் வேலை செய்பவன். வேலைச் சட்டையோடேயே வந்திருந்தான். றொனால்ட் நேராகப் போய் அந்தச் சட்டையின் கழுத்தைப் பிடித்தார்.

"என்ர பிள்ளையைச் சாகவிட்டிடாதை. உனக்குப் பிள்ளைதான் வேணுமெண்டா வேற ஒருத்தியைக் கட்டிப் பெத்துக்கொள். உங்களுக்கு நாலு கட்டலாம்தானே? எனக்கு இவள் ஒருத்திதான்!"

அவன் கையைத் தட்டிவிடவில்லை.

"மாமா, பிள்ளையை எடுக்கச் சொல்லி நான்தான் நேற்றிலயிருந்து கெஞ்சுறன். அவதான் மாட்டனெண்டு நிக்கிறா."

றொனால்டின் பிடி தளரவில்லை. "பொய் சொல்லாதை."

"அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றன். பள்ளிவாசல் மௌலவியிட்டயும் கேட்டனான். தாய்க்கு உயிர் ஆபத்தெண்டா தாயைத்தான் முதல்ல காப்பாத்தவேணும், அதுதான் மார்க்கமெண்டு சொன்னார். அதையும் அவவிட்டச் சொன்னனான். அது உங்கட சமயம், என்ர சமயத்தில அப்பிடியில்லையெண்டு முகத்தைத் திருப்பிட்டா." அவன் இம்மாகுலேற்றைப் பார்த்தான். "மாமி, எனக்கு வேற வழி தெரியேல்ல. அதாலதான் உங்களைக் கூப்பிட்டனான்."

மகள் சொன்ன ஒரு சொல்லில் இம்மாகுலேற் தடுக்கி நின்றாள். என்ர சமயம். அப்படியென்றால் அவள் இன்னும் மதம் மாறவில்லையா?

உள்ளே பெனிற்றாவின் முகம் வீங்கி, கண்கள் சிறுத்துப் போயிருந்தன. வெளிச்சம் ஆகாதென்று விளக்கை அணைத்து வைத்திருந்தார்கள். தாயைக் கண்டதும் உதடு கோணியது.

"வந்திட்டியளோ அம்மா."

மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் போய், இம்மாகுலேற்றின் வாயில் வந்தது ஒன்றுதான். "உன்னை அவை மாத்தேல்லையோ?"

"ஆர் மாத்தினது? ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போறன். அவர்தான் ரெய்னர்ஸ் லேன் வீட்டில இருந்து காரில கூட்டிக்கொண்டு போய் விடுறவர். முடியும்வரைக்கும் வெளியில இருப்பார்." மூச்சு வாங்கியது. "என்னைப் போல வேதக்காரப் பொம்பிளை தன்ர சமயத்தில இருந்தபடியே கட்டலாமாம். அவையின்ர குர்ஆனிலயே இருக்காம். நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

டொக்டர் ஹம்சினி உள்ளே வந்தார். மதுரைப் பக்கத்துப் பெண், தமிழிலேயே பேசினார்.

"அம்மா, நான் ஒளிக்காம சொல்றேன். குழந்தை இருபத்தோரு வாரம். இப்போ பிறந்தா பிழைக்காது. காத்திருந்தா இவங்களுக்கு வலிப்பு வரலாம், மூளையில ரத்தம் கசியலாம். இவங்க போயிட்டா குழந்தையும் போயிடும். இவங்க சம்மதிக்காம நாங்க எதுவும் செய்ய முடியாது."

"ரெண்டு கிழமை தாங்கினா பிள்ளைக்கு ஒரு சான்ஸ் இருக்குத்தானே?" என்றாள் பெனிற்றா.

"ரெண்டு வாரமா? ரெண்டு நாள்கூட என்னால சொல்ல முடியலைங்க."

டொக்டர் போனபின் இம்மாகுலேற் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஓமெண்டு சொல்லு பிள்ளை."

"நீங்களோ சொல்லுறியள்?" பெனிற்றா தலையை உயர்த்தப் பார்த்தாள், முடியவில்லை. "மறைக்கல்வி வகுப்பில முன்னுக்கு நிண்டு படிப்பிச்சது நீங்கள்தானே? வயித்தில இருக்கிற உயிரை எடுக்கிறது கொலையெண்டு. எனக்கு அப்ப பத்து வயசு. இண்டைக்கும் உங்கட குரல்தான் கேக்குது. அவ உதைக்கிறா அம்மா. கையை வச்சுப் பாருங்கோ."

இம்மாகுலேற் கையை வைத்தாள். ஒரு சின்ன அசைவு, உள்ளங்கைக்குக் கீழே, மீன்குஞ்சு திரும்புவதுபோல. அவள் கையைப் பறித்து எடுத்தாள். அந்தத் தரையிலேயே முழங்கால் போட்டாள்.

"நான் படிப்பிச்சனான்தான். என்ர பிள்ளை இப்பிடிக் கிடப்பாளெண்டு நினைச்சோ படிப்பிச்சனான்? பாதருக்குப் போன் அடிச்சுப் பார்த்தன், எடுக்கிறாரில்லை. எது சரி எது பிழையெண்டு எனக்கு இப்ப ஒண்டும் தெரியேல்லை. பாவமெண்டா அது என்ர பாவம். ஆண்டவருக்கு முன்னால நிண்டு நான் சொல்லுறன், நான்தான் செய்விச்சனான் எண்டு. நீ என்னை விட்டிட்டுப் போகாதை. மூண்டு வருஷம் உன்னை விட்டிட்டு இருந்திட்டன் மகள். இனி ஏலாது."

பெனிற்றா அழுதாள். அழும்போது மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. வாசலில் நின்ற முபாரிஸ் ஓடி வந்து தன் சட்டைக் கையால் அதைத் துடைத்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஓம், எடுக்கட்டும். அவ பிறந்தா ஒருத்தரும் கொண்டு போகக்கூடாது. என்ர நெஞ்சில வையுங்கோ."

"வைப்பம்," என்றான் அவன். "வைப்பம்."

குழந்தை அடுத்த நாள் காலையில் பிறந்தது. பெண். ஒரு சாணை விடக் கொஞ்சம் நீளம். கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது. தாயின் நெஞ்சில் கிடந்த அதன் காதருகே குனிந்து முபாரிஸ் தொழுகைக்கு அழைக்கும் பாங்கை மெதுவாகச் சொன்னான். இடையில் நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து சொன்னான். இம்மாகுலேற் தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தலையில் மூன்று துளி வார்த்து ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும் என்று கை துடித்தது. பெனிற்றா மயக்கத்தில் கண்ணை மூடியிருந்தாள். அனுமதி கேட்பதற்கு அவன் ஒருவன்தான் இருந்தான். அவள் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அதற்குள் அந்தச் சிறிய நெஞ்சு அசையாமல் போயிற்று.

பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. பெனிற்றாவுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. கட்டிலோடு அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். குழந்தையை ஒரு தாதி துணியில் சுற்றி முபாரிஸின் கையில் கொடுத்தாள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே மூன்று பேரும் நாற்காலிகளில் இருந்தார்கள். றொனால்ட் ஒரு நாற்காலி தள்ளி.

"தண்ணி வார்க்கேல்லை," என்று இம்மாகுலேற் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். "ஞானஸ்நானம் இல்லாமல் போயிட்டுதே. எங்கை போகும் அது?"

"சுவர்க்கத்துக்கு மாமி," என்றான் முபாரிஸ். குனிந்த தலை நிமிரவில்லை. "எங்கட சமயத்தில எந்தப் பிள்ளையும் பாவத்தோட பிறக்கிறதில்ல. எங்கட உம்மா சொல்லுவா, இப்பிடிப் போற பிள்ளை தாயைத் தொப்புள்கொடியால இழுத்துக்கொண்டு சுவர்க்கத்துக்குப் போகுமாம்."

இம்மாகுலேற் அவன் பக்கம் திரும்பினாள். "தாய் வேதக்காரியெண்டாலுமோ?"

"தெரியாது மாமி." அவன் கண்ணீர் துணியில் விழுந்தது. "அதைத்தான் நான் அல்லாஹ்விட்டக் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

பெனிற்றா கண் விழிக்காமலே இருந்தாள். குழாய்கள், இயந்திரம், நாளுக்கு இரண்டு தடவை வந்து போகும் டொக்டர்கள். இன்னும் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார்கள். அந்த நிலையில் குழந்தையை அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. பள்ளிவாசல்காரர்கள் ஒழுங்கு செய்தார்கள். குழந்தைக்கென்று பெனிற்றாவும் முபாரிஸும் முன்பே தெரிவு செய்து வைத்திருந்த பெயர் ஹன்னா.

"நாங்கள் வரலாமோ?" என்று இம்மாகுலேற் கேட்டாள். "பொம்பிளையள் அடக்கத்துக்கு மையவாடிக்கு வரக்கூடாதாமே. அதிலயும் நாங்கள் வேற ஆக்கள்."

"பொம்பிளையள் வேண்டாமெண்டு சிலர் சொல்லுவினம். வரலாமெண்டு சொல்ற, மார்க்கம் படிச்ச ஆலிம்களும் இருக்கினம். பெனிற்றாவால வர ஏலாது. அவவுக்காக நீங்க வாங்கோ. வேற சமயமெண்டதெல்லாம் பிரச்சினையில்ல."

மையவாடியில் மழை தூறியது. பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒரு முதியவர் இம்மாகுலேற்றைப் பார்த்துவிட்டு முபாரிஸிடம் ஏதோ முணுமுணுத்தார். அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தான். சிறிய வெள்ளைப் பெட்டி அவன் இரு கைகளிலும் இருந்தது. குழியருகே ஈர மண்ணில் அவன் கால் வழுக்கியது. விழப்போனான். யாரும் எட்டுவதற்குள் றொனால்ட் முன்னால் வந்து பெட்டியின் அடியில் கை கொடுத்தார்.

கொடுத்த பிறகுதான் தான் வேறு சமயத்தவன் என்பது அவருக்கு நினைவு வந்தது. "நான் தொடலாமோ?" என்று கேட்டார். வாழ்க்கையில் யாரிடமும் அப்படிப் பணிந்து அவர் கேட்டதில்லை.

"உங்கட பேத்தி மாமா."

இருவருமாகத்தான் இறக்கினார்கள். மூன்று பிடி மண் போடச் சொன்னார்கள். றொனால்ட் போட்டார். இம்மாகுலேற் போட்டாள். அவள் உதட்டுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்ததை யாரும் தடுக்கவில்லை.

பெனிற்றா கண் விழித்தது அதற்குப் பின்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை. குழாயை எடுத்திருந்தார்கள்; குரல் காற்றாகத்தான் வந்தது. கிட்னிகள் திரும்ப வேலை செய்யுமா என்று டொக்டர்களுக்கே இன்னும் நிச்சயமில்லை. அவள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"பிள்ளையை ஆர் தூக்கிக்கொண்டு போனது?"

றொனால்ட்தான் சொன்னார். "நானும் அவரும்."

பெனிற்றா சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள்கள் குலுங்கின. பிள்ளையை எடுத்தது பாவமா இல்லையா என்று அவள் தாயைக் கேட்கவில்லை. இம்மாகுலேற் மகளின் முதுகில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். சிறிது நேரத்தில் முபாரிஸ் ஒரு நாற்காலியை இழுத்துவந்து அவளுக்குப் பின்னால் போட்டான்.