இருபத்து நான்கு அடி

அந்த எண்ணை உண்டாக்கியது நான்தான். மிருகக்காட்சிசாலையில், கண்ணாடிக் கூண்டுக்கு மேலே, பலகையில் கொட்டை எழுத்தில் இருக்கும்: 'உலகிலேயே நீளமான பாம்பு இனம். இதன் நீளம் இருபத்து நான்கு அடி.'

உடம்பெல்லாம் வலை பின்னியது போலக் கோடுகள் உள்ள அந்த மலைப்பாம்பைப் பார்த்துக்கொள்வது என் கணவரின் வேலை. அங்கே எல்லோருக்கும் அது 'பெரியம்மா'. "பெரியம்மா மூணு வாரமா சாப்பிடலை" என்று அவர் வீட்டில் பேசுவதைக் கேட்டு, என்னிடம் துணி தைக்க வருகிறவர்கள் துக்கம் விசாரித்திருக்கிறார்கள்.

என் அப்பா நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கல்யாணத்தில் அவருக்கு இஷ்டமில்லை. மூன்று வருடம் என் கணவருக்கு அவர் வைத்திருந்த பெயர் 'பாம்பு மேய்க்கிறவன்'.

போன வருடம் பெரியம்மா சட்டை உரித்தாள். கிழியாமல் வந்த தோலை என் கணவர் ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"நீயே அள. உன் கைக்குத்தான் கணக்கு தப்பாது. ஆனா இழுத்துடாதே, ஈரத்தோல் ரப்பர் மாதிரி நீளும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

கூடத்திலிருந்து சமையலறை வரை விரித்தேன். இருபத்தோரு அடி. அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன்.

"என்ன பண்றான், இன்னும் மேய்ச்சுட்டுதான் இருக்கானா? உலகத்திலேயே பெருசு அனகோண்டா இல்லையோ?"

"அது எடையிலப்பா. நீளத்துல இதுதான்."

"எவ்வளவு நீளமாம்?"

தலைப்பக்கம் அயர்ன் பாக்ஸை வைத்தேன். வாலைப் பிடித்து இழுத்தேன். வந்தது.

"இருபத்து நாலு அடி."

அப்பா போனை வைத்துவிட்டார். மறுநாள் அவரே போன் செய்து, "மாப்பிள்ளை இருக்காரா?" என்றார். குளித்துவிட்டு வந்தவரிடமும் நான் அதே எண்ணைத்தான் சொல்லியிருந்தேன். அது பலகைக்குப் போனது.

இந்த வாரம் புதிதாக வந்த மிருக டாக்டர், உரித்த தோல் எப்போதும் பாம்பைவிடக் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பாம்பையே நேரடியாக அளக்க வேண்டும் என்றார். விஷயம் கேள்விப்பட்ட அப்பா தன் பழைய ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மிருகக்காட்சிசாலைக்கே வந்துவிட்டார். "என் மாப்பிள்ளை வளர்க்கிற பாம்பு" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். நான் என் தையல் டேப்பைச் சுருட்டியபடி பின்னாலேயே போனேன்.

ஆறு பேர் பெரியம்மாவைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் முதுகெலும்பின் மேல் நூலை ஓட்டி வெட்டினார். இவர் அந்த நூலை என்னிடம் நீட்டினார். "என் வீட்டுக்காரி தையல்காரி சார். அவ அளந்தா சரியா இருக்கும்."

டேப்பை வைத்தேன். இந்த நூல் நீளவில்லை.

"பத்தொன்பதரை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சொல்லும்மா, எவ்வளவு?" என்றார் டாக்டர்.

"பத்தொன்பதரை அடி."

நண்பர்களில் ஒருவர் சிரித்தார். "என்னய்யா, உன் மாப்பிள்ளை பாம்பு துவைச்சதும் சுருங்கிடுச்சா?"

அப்பா நிமிரவில்லை. இவர் முன்னால் வந்தார். "தப்பு என்னோடது சார். தோலை நான்தான் இழுத்து அளந்துட்டேன்."

"இவ்வளவு வருஷம் வேலை பார்த்தும் இது தெரியாதா?" என்றார் டாக்டர். அப்பா இவரைப் பார்த்து, "ஏம்ப்பா, இதைப் பார்க்கவா நாங்க வந்தோம்?" என்றார். 'மாப்பிள்ளை' என்ற சொல் போய்விட்டது.

"இழுத்தது நான்" என்றேன். "அவர் இழுக்காதேன்னுதான் சொன்னார். போன்ல உங்ககிட்ட பேசிட்டே இழுத்தேன்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நண்பர்களை அழைத்துக்கொண்டு சொல்லாமல் போனார்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். "உங்க பேரைக் கெடுத்துட்டேன்" என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் இவர். "தோல்ல அயர்ன் பாக்ஸ் அச்சு அப்படியே இருந்துது."

திரும்பினேன்.

"காலையில பலகைக்குச் சொல்லும்போது மாத்திடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்கப்பா போன் பண்ணி மாப்பிள்ளைன்னார்." அவர் முகம் சிவந்திருந்தது. "அதை விட்டுக்கொடுக்க மனசு வரலைடி."

இறங்கும் இடம் வரும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. என் கை மட்டும் அவர் கைக்குள் இருந்தது.